பாதிப் பொருத்தம்

எண்ணூர் விரைவுச் சாலையில்
துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையில்
நாற்பத்து மூன்றாவதாக நின்றிருந்தேன்.
போன் வந்தது. பெயரைச் சொல்லவில்லை.
"அமுலு வீட்டுக்காரன் பேசறேன்" என்றான் எபனேசர்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

பத்தில் ஒரு பொருத்தமும் பார்க்காமல் கட்டிக்கொண்டு
பெரம்பூர் லோகோ பக்கம் குடிபோனவள்.
அன்றைக்கு நான் கத்தியது
கொருக்குப்பேட்டை கேட் வரைக்கும் கேட்டதாம்:
நம்ம ரத்தமே இல்லடி நீ.

பஞ்சுக்குச்சியால் என் உள்கன்னத்தைத் தேய்த்து
எடுத்துப் போனார்கள்.
மூன்று வாரம் கழித்து டாக்டர் நூர்ஜஹான் சொன்னார்:
பாதிப் பொருத்தம்.
முன்பு பாதியை வைத்து ஒன்றும் பண்ண முடியாது,
இப்போது முடிகிறது, எல்லோருக்கும் இல்லை.
ஆய்வு என்று போட்ட பதினாறு பக்கத் தாளில்
லோடு சலானில் போடுகிற அதே கையெழுத்தை
பதினாறு முறை போட்டேன்.

ஐந்து நாள் ஊசி.
இடுப்பெலும்புக்குள் யாரோ ஜாக்கி வைத்துத் தூக்குகிற வலி.
மஜ்ஜையில் ஒடுங்கிக் கிடப்பவை
ரத்தத்துக்கு இறங்கி வர வேண்டுமாம்.
பிறகு ஒரு கையில் போய் மறு கையில் திரும்பியது ரத்தம்,
நாலரை மணி நேரம்.
வரிசையில் நின்று பழகியவனுக்கு அது ஒன்றுமில்லை.
பையில் சேர்ந்தது கொஞ்சம்தான்,
தக்காளி ரசத்தின் அடிவண்டல் நிறத்தில்.
இதிலா ஒரு ஆள் பிழைக்கிறாள்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமுலு.
தலையில் முடியில்லை, காது மட்டும் பெரிதாக.
சின்ன வயதில் அந்தக் காதைத்தான் திருகுவேன்.

"உங்க செல்லுங்க அவங்க உடம்ப அந்நியம்னு நினைக்கும்.
அடிக்கப் பார்க்கும்" என்றார் டாக்டர்.
"மூணாம் நாளும் நாலாம் நாளும் ஒரு மருந்து ஏத்துவோம்.
ஆளைப் பார்த்ததும் சண்டைக்குக் கிளம்புறது எதுவோ
அதுதான் அப்ப வேகமா பெருகிட்டு இருக்கும்.
அதை இந்த மருந்து கொல்லும்.
பதறாம இருக்கிறது தப்பிச்சிடும்."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்னுடையது இல்லை. பக்கத்து அறை வாசலில்
திருவொற்றியூர்ப் பையனின் நீல ரப்பர் செருப்பு.
அவன் அப்பாவின் செல்கள் அவனுக்குள் வேர் பிடிக்கவில்லை.
அவனை எடுத்துப் போய் இரண்டு நாளாகியும்
செருப்பை யாரும் எடுக்கவில்லை.

பதினெட்டாம் நாள் வெள்ளணு ஐந்நூறைத் தாண்டியது.
நாற்பதாம் நாள் அவள் உள்ளங்கை சிவந்து அரித்தது.
"உன் கோபந்தான் அரிக்குது" என்றாள்,
என்னோடு பேசிய முதல் வார்த்தை.
கொஞ்சம் சண்டை நல்லதுதானாம்,
ஒளிந்திருக்கும் புற்றை அதுதான் தேடிப் பிடிக்கும்.
எவ்வளவு கொஞ்சம்?
"அது தெரியாமத்தான் ஆராய்ச்சி" என்று சிரித்தார் டாக்டர்,
தூங்காத கண்ணோடு.

நூறாம் நாள் ரிப்போர்ட்:
அவள் ரத்தத்தில் தொண்ணூற்றெட்டு சதவீதம் நான்.
"மிச்சம் ரெண்டு?"
"அது நான்தான். உஷாரா இரு."
பி பாசிட்டிவாகப் பிறந்தவள்
ஓ பாசிட்டிவாக மாறிக்கொண்டிருக்கிறாள்,
ஸ்கூட்டி லைசென்ஸுக்கு இன்னும் தெரியாது.
எபனேசர் டிபன் கேரியரில் கஞ்சி கொண்டுவருகிறான்,
எனக்கும் சேர்த்து.
எங்களுக்குள் பேச்சு இன்னும் கஞ்சி அளவுதான்.

இன்று மறுபடி வரிசை. மணலிப் பக்கம் புகை.
துறைமுக பாஸ் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை
ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன்.
ரத்த வகை: ஓ பாசிட்டிவ்.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: அமுலு.
உறவு என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
பின்னால் ஹாரன்.
முன்னால் இருந்த வண்டி எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது.